மரம் வெட்டியதா என்று டாக்டர் கேட்டார்

1

சில மாதங்களுக்கு முன் வேலையிடத்தில் நான் தமிழில் கத்திவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடங்களில் அதுதான் முதல் முறை.

இருப்பது மேற்கு ஆஸ்திரேலியாவில். வீடு பெர்த் நகரத்தில். வேலை, அங்கிருந்து ஒரு பகல் முழுக்க வண்டி ஓட்டினால் வரும் செம்மண் வெளியில். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில். பூமியைத் துளைத்து, அடியில் இருக்கும் கல்லை மேலே எடுத்துக் காட்டுவது எங்கள் கம்பெனியின் தொழில். நான் இப்போது லீவரைப் பிடிப்பதில்லை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, முட்டி சொன்னபடி கேட்பதில்லை. மற்றவர்கள் மெஷினை ஓட்டுகிறார்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

காலையில் வேலை தொடங்குமுன் ஒரு சிறு திரையில் வரிசையாகக் கேள்விகள் வரும். நன்றாகத் தூங்கினீர்களா? மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா? களைப்பாக இருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றுதான் குறிக்க வேண்டும். 'ஆம்' என்று குறித்தால் அறைக்கு அனுப்பிவிட்டு இன்னும் நாலு படிவம் கொடுப்பார்கள். அதை நிரப்புவது வேலை செய்வதைவிடக் களைப்பு. ஆகவே கம்பெனிக் கணக்குப்படி நான் இருபத்திரண்டு வருடங்களாகக் களைப்பே இல்லாத மனிதன்.

அன்றைக்கு மெஷினில் இருந்தவன் லூக் என்ற நல்ல வேலைக்காரன். துளைபோடும் ரிக் ஒரு லாரியில் இருக்கும், காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் இன்னொரு லாரியில் இருக்கும். நடுவில் கைப்பருமனில் ஒரு ரப்பர் ஹோஸ். அதன் வழியே போகும் காற்றுதான் துளைக்குள் இருக்கும் சுத்தியலை அடிக்க வைக்கிறது. ஹோஸ் ரிக்கில் வந்து சேரும் மூட்டின் குறுக்கே ஒரு எஃகுக் கயிறு மாட்டியிருக்க வேண்டும். மூட்டு கழன்று போனாலும் கயிறு ஹோஸைப் பிடித்துக்கொள்ளும். கயிறு இல்லாவிட்டால், அந்தக் கனம் அந்த வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பி யாரை அடிக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

கயிற்றின் ஒரு முனை மாட்டியிருந்தது. மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மூட்டுக்குப் பக்கத்தில் ஒருவன் குனிந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். காற்றைத் திறக்கச் சொல்லி லூக் கம்ப்ரஸர் பக்கம் கையைத் தூக்கப் போனான்.

"காத்து வுடாத!"

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் எல்லோரும் நின்றுவிட்டார்கள். குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். ஒன்றும் ஆகவில்லை.

அன்று மாலை மேனேஜர் அறிக்கை எழுதினார். 'எச்சரிக்கை எந்த வார்த்தைகளில் தரப்பட்டது?' என்று ஒரு கட்டம். நான் சொல்ல, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தடவித் தடவி எழுதிக்கொண்டார். மொழி என்ற இடத்தில் 'இந்தியன்' என்று போட்டார். நான் திருத்தவில்லை.

2

மறுநாள் காலைக் கூட்டத்தில் எனக்கு ஒரு ஜாக்கெட் பரிசாகக் கொடுத்தார்கள். பிறகு மேனேஜர், "உங்கள் அனுபவத்திலிருந்து இவர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள்" என்றார். இருபது பேர் ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் பாதுகாப்பு என்று ஒன்றும் கிடையாது" என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். இந்தியா அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அவ்வளவுதான் கூட்டம். கலைந்துவிட்டோம்.

அந்த வாரம் முழுக்க அந்தப் பதில் என்னைத் தின்றது. ஏனென்றால் அது பொய். நான் வேலை கற்ற இடத்தில் பாதுகாப்பு இருந்தது. அதற்கு ஒரு இரும்புச் சங்கிலி இருந்தது. சங்கிலி எங்கே என்று கேட்ட ஒரு மனிதரும் இருந்தார்.

வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மகள் நஸ்ரின் சாப்பிட வந்தாள். தனியாக வீடு எடுத்துப் போய் மூன்று வருடங்கள் ஆகின்றன. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, விபத்து நடந்தவர்கள் எழுதித் தரும் வாக்குமூலங்களைப் படித்துச் சரிபார்ப்பது. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். பிரியாணிக்கு நன்றி சொல்வாள், அவள் அம்மாவுக்கு அந்த நன்றியைக் கேட்டாலே அழுகை வரும். பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போவாள், விருந்தாளி மாதிரி.

ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு எதற்கென்று கேட்டாள். சொன்னேன். சொல்ல ஆரம்பித்தவன் நிறுத்த முடியாமல் மற்றதையும் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ரிசர்வேஷன் போராட்டம் நடந்த காலம் என்று தொடங்கினேன்.

"ரிசர்வேஷனா? ரெஸ்டாரன்ட்லயா?" என்றாள்.

அவளுக்கு அந்தச் சொல் சாப்பாட்டுக் கடையில் மேசை பிடித்து வைப்பது. படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தங்களுக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்று ஒரு சமூகமே சாலைக்கு வந்து, மரங்களை வெட்டிக் குறுக்கே போட்ட நாட்களை நான் அவளுக்கு முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. என் ஆங்கிலம் போதவில்லை, அவள் தமிழ் போதவில்லை. இருவரும் பாதி வழியில் நின்று பேசினோம். எப்படியோ முடிவு வரைக்கும் வந்துவிட்டேன்.

கையில் டம்ளரோடு கேட்டுக்கொண்டிருந்தவள், "அத்தா, நீங்க பொய் சொன்னீங்களா?" என்றாள்.

அவளிடம் தமிழ் கொஞ்சம்தான். மழுப்புவதற்குத் தேவையான சொற்கள் அந்தக் கொஞ்சத்தில் இல்லை.

"ஆமாம்" என்றேன்.

"அந்த ஆள் இப்ப எங்க?"

"தெரியாது."

"ஏன் தெரியாது?"

அவள் அம்மா, "சாப்புடு முதல்ல" என்றாள். நஸ்ரின் சாப்பிட்டாள். அன்று பாத்திரம் கழுவாமல் போய்விட்டாள்.

3

அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். உங்களுக்கு மரம் வெட்டியதை விளக்க வேண்டியதில்லை.

கள்ளக்குறிச்சி டவுனில் எங்கள் அத்தா பம்ப்செட் சாமான் கடை வைத்திருந்தார். எனக்குக் கல்லாவில் உட்காரப் பிடிக்கவில்லை. சாமான் வாங்க வந்த ஒரு போர்வெல் முதலாளியோடு ஒட்டிக்கொண்டு போய், இரண்டே வருடத்தில் ரிக் ஓட்டுகிறவனாகிவிட்டேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. ராடு மாட்டுகிற ஆட்களில் மூத்தவர் ஏழுமலை. ரிஷிவந்தியம் பக்கத்துக்காரர், சொந்த நிலம் கிடையாது, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கூலி கொஞ்சம் ஜாஸ்தி என்று எங்களிடம் வந்திருந்தார். என்னைவிட எட்டு வயது பெரியவர். நான் 'அண்ணா' என்பேன், அவர் 'பாய்' என்பார். மற்ற ஆட்கள் எல்லோரும் சேலத்துக்கு அந்தப் பக்கம்.

எண்பத்தேழு செப்டம்பர். போராட்டம் தொடங்கிச் சாலைகள் நின்றுபோயிருந்தன. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு நிலத்துக்காரர் போர் போட முன்பே பேசி வைத்திருந்தார். கிணறு வற்றி அவருடைய கரும்பு காய்ந்துகொண்டிருந்தது. முதலாளி ஊரில் இல்லை. போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் நான்தான். விடிந்ததும் கிளம்பினால் யாரும் தடுக்குமுன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

வடக்கனந்தலைத் தாண்டி ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. காவலுக்கு யாரும் இல்லை, வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருந்தார்கள். இழுத்து ஓரமாகப் போடலாம் என்றால் எங்களிடம் இருந்த வடக்கயிறு பத்தவில்லை. ஹோஸ் மூட்டுக்குக் குறுக்கே போடும் சங்கிலியைக் கழற்றிக் கயிற்றோடு சேர்த்து மரத்தில் கட்டி, லாரியால் இழுத்தேன். மரம் நகர்ந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி வாய் பிளந்துவிட்டது.

நிலத்துக்குப் போய் ரிக்கை நிறுத்தி, கம்பத்தைத் தூக்கி, ஹோஸை மாட்டினோம். வெயில் ஏறிவிட்டது. ஏழுமலை மூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாய், செயின் இன்னா ஆச்சு?"

"அறுந்துபோச்சுண்ணா. ஒரு போர்தான? பாத்துக்கலாம்."

"கப்ளிங்கு பழசு பாய். போன வாரமே லூசா இருந்துச்சு."

"பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிட்டுத் திரும்பணும்ண்ணா. பின்னாடி இன்னும் நாலு மரம் வெட்டிட்டானுங்கன்னா இங்கயே கெடக்க வேண்டியதுதான்."

அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "செரி, கயித்தாலயாவது கட்டறேன் இரு" என்று சொல்லிவிட்டு மூட்டின் பக்கம் போய்க் குனிந்தார்.

நான் லீவர்களைப் பார்த்தேன், மலையைப் பார்த்தேன், வெயிலைப் பார்த்தேன். அவர் கட்டி முடித்திருப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்கவில்லை. கையைத் தூக்கிக் கம்ப்ரஸர்காரனுக்குக் காட்டினேன். அவன் காற்றைத் திறந்தான்.

சத்தம்தான் முதலில். பிறகு புழுதி. ஹோஸ் தரையை இரண்டு முறை அடித்ததைப் பார்த்தேன். கம்ப்ரஸரை நிறுத்தி, புழுதி அடங்கியபோது ஏழுமலை ரிக்கின் சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை முழங்கைக்கு மேலே அது இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. அவர் என்னைப் பார்த்து, "கட்டி முடிக்கல பாய்" என்றார். என்னவோ அவர் மேல் தப்பு மாதிரி.

4

நிலத்துக்காரர் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, கம்ப்ரஸர் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வந்த வழியில் இப்போது புதிதாக மரங்கள் கிடந்தன. முதல் மரத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். லாரியைப் பார்த்ததும் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் கோடாலி இருந்தது.

"வண்டிய நிறுத்துறா! இன்னாடா ரோட்ல லாரி வுட்டுக்கினு வரீங்க?"

நான் இறங்கிக் கையைக் கூப்பினேன். "ஆளுக்கு அடிபட்டிருக்குண்ணா. ஆஸ்பத்திரி போவணும்."

அவர் லாரி மேல் ஏறிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இன்னா ஆச்சு?"

"மெஷின்ல அடிபட்டுச்சு."

"எந்த ஊரு ஆளு?"

ஊரைச் சொன்னேன். ஏழுமலையின் அப்பா பெயரைச் சொன்னேன்.

"நம்மாளுப்பா" என்று அவர் கீழே பார்த்துக் கத்தினார். "கட்டில எறக்கு. பதமா, பதமா."

அவர்களே வெட்டிப் போட்ட மரத்தின் மேல் அவர்களே ஏறி நின்று, தலைக்கு மேலே கட்டிலைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். அந்தப் பக்கம் ஒரு பால் வண்டி இரண்டு மரங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. அதில் ஏற்றினார்கள். அடுத்த மரத்தில் அங்கே இருந்தவர்கள் தூக்கினார்கள், அதற்கு அப்பால் ஒரு டிராக்டர். இப்படி நாலு மரம். ஒவ்வொரு மரத்திலும் யாராவது "இன்னா ஆச்சு" என்று கேட்டார்கள். ஒவ்வொரு மரத்திலும் நான் "மெஷின்ல" என்றேன். உண்மையைச் சொல்வது அதுவரைக்கும் சுலபமாகத்தான் இருந்தது.

'நம்மாளு' என்ற அந்தச் சொல்லைப் பற்றிப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். அவர்களுடைய ஆளாக இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியவில்லை. அன்றைக்கு அவர்கள் தூக்கினார்கள் என்பது மட்டும் தெரியும். கட்டிலின் ஒரு காலை நானும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தபோது மதியம் தாண்டிவிட்டது. வராந்தா முழுக்க அடிபட்ட ஆட்கள். கிளை விழுந்து மண்டை உடைந்தவர், கோடாலி காலில் பட்டவர். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். டாக்டர் காலையிலிருந்து உட்காரவில்லை போலிருக்கிறது. ஏழுமலையின் கையைப் பார்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "மரம் வெட்டினதா?" என்று கேட்டார்.

நான் வழியெல்லாம் சொன்ன வார்த்தை நாக்கில் இருந்தது. ஆனால் இங்கே ஒரு நர்ஸ் பேனாவோடு நின்றார். எழுதிக்கொள்வார். மெஷின் என்றால் எந்த மெஷின் என்று கேட்பார்கள். யார் ஓட்டினது என்பார்கள். சங்கிலி எங்கே என்பார்கள். வாசலில் போலீஸ் நின்றது. டாக்டர் வேறு பதிலை எதிர்பார்க்கவும் இல்லை.

"ஆமாங்க" என்றேன்.

நர்ஸ் எழுதிக்கொண்டார். கூட்டி வந்தவர் என்ற இடத்தில் என் பெயரைக் கேட்டார். வேறு ஏதோ ஒரு பெயரைச் சொன்னேன். ஏழுமலை கண்ணை மூடிக் கிடந்தார். மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கையை எடுத்துவிட்டார்கள். சாலைகள் திறந்ததும் முதலாளி வந்து ரிக்கையும் ஆட்களையும் கர்நாடகத்துக்கு ஓட்டிப்போனார். நானும் போனேன். போலீஸ் ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்து ஏழுமலையின் மேல் வழக்குப் போட்டது, சாலையை மறித்ததற்கும் மரத்தை வெட்டியதற்கும். அதை அத்தா எனக்குக் கடிதத்தில் எழுதினார், ஊர்ச் செய்திகளில் ஒன்றாக. 'உன்னோடு வேலை செய்த ஆளாமே, போராட்டத்துக்குப் போய்க் கையை இழந்துவிட்டானாம், பாவம்.' நான் பதில் எழுதினேன். அதில் எல்லோரையும் விசாரித்திருந்தேன், ஏழுமலையைத் தவிர.

5

பிறகு மச்சான் விசா அனுப்பி ஒமான் போனேன். பதினாலு வருடம் பாலைவனத்தில் தண்ணீருக்குத் துளைபோட்டேன். அங்கிருந்து இங்கே. ஒவ்வொரு இடத்திலும் என்னைக் கவனமான ஆள் என்று சொன்னார்கள். ஒவ்வொரு ஹோஸ் மூட்டையும் நானே போய்த் தொட்டுப் பார்ப்பேன். ஆட்களை எண்ணிவிட்டுத்தான் காற்றைத் திறக்கச் சொல்வேன். இங்கே வந்த புதிதில் லீவரைப் பிடிக்கும்போதெல்லாம் யாராவது "யூ ரைட்?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். உதவி ஏதும் வேண்டுமா என்று அர்த்தம். நான், நீ செய்வது சரியா என்று கேட்கிறார்களோ என்று நினைத்து, நின்று, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்ப்பேன். சிரிப்பார்கள். பல வருடம் எனக்கு அந்தக் கேள்வி பழகவில்லை.

இந்தியா போக வேண்டுமென்றால் எனக்கு இப்போது அனுமதிக் காகிதம் வேண்டும். இந்தியக் குடியுரிமையை விட்டுவிட்டேன். விண்ணப்பத்தில் பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் சிக்கல். என் பிறப்புச் சான்றிதழில் தென்னார்க்காடு. பழைய பாஸ்போர்ட்டில் விழுப்புரம். நான் எழுதியது கள்ளக்குறிச்சி. கவுன்ட்டரில் இருந்த பெண், "எத்தனை ஊரில்தான் பிறந்தீர்கள்?" என்றார். "நான் நகரவில்லை அம்மா, மாவட்டம்தான் நகர்ந்தது" என்றேன். அதை எழுத்தில் தரச் சொன்னார். தந்தேன். மூன்று வாரம் இழுத்தது.

அந்த மூன்று வாரத்தில் நஸ்ரின் ஒருமுறை போனில் கூப்பிட்டாள். "போறீங்களா?" என்றாள். "போறேன்" என்றேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "ஓகே" என்று வைத்துவிட்டாள். தப்பு சொல்ல முடியாது. அது அவள் ஊர் இல்லை.

6

டவுனில் கடையை இப்போது தம்பி பார்க்கிறான். அவனிடம் எதற்கு வந்தேன் என்று சொல்லவில்லை. ரிஷிவந்தியம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஊருக்குள் போய் 'கையில்லாத ஏழுமலை' என்று கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள்.

அரசாங்கம் கட்டித் தந்த சின்ன வீடு. வாசலில் வேப்ப மர நிழலில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கடலையைக் குதிகாலால் அழுத்தி உடைத்து, இடது கையால் பருப்பைப் பொறுக்கினார். எழுபது வயதிருக்கும். வேகமாகத்தான் செய்தார்.

"யாரு?"

"டவுன் கமாலுண்ணா. ரிக்ல இருந்தேனே."

கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாயா? மயிரெல்லாம் கொட்டிப்போயி அடையாளமே தெரில. குந்து. மல்லாட்ட தின்னு."

உட்கார்ந்தேன். கைநிறையக் கடலையை அள்ளிக் கொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன்.

"அண்ணா, அன்னிக்கு ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்ப..."

"மரம் வெட்டினதான்னு கேட்டாரு. நீ ஆமாங்கன்னுட்ட."

அவர் அடுத்த கடலையை உடைத்தார்.

"நீங்க மயக்கமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"கண்ணுதான் தொறக்க முடில. காது கேட்டுக்கினுதான் இருந்துச்சு."

"போலீசு வந்து கேட்டப்ப நீங்க சொல்லலியாண்ணா?"

"சொன்னேனே. மெஷின்ல அடிபட்டேன்னு சொன்னேன். எந்த மெஷின்னாங்க. மெஷினும் இல்ல, நீயும் இல்ல. காயிதத்துல மரம்னு இருக்குது, நீ இன்னாடா மெஷின்றன்னு அதட்டினாங்க. வுட்டுட்டேன்."

"வழக்கு இன்னா ஆச்சு?"

"இழுத்துக்கினே கெடந்துச்சு. மாசம் ஒரு வாய்தா. அப்பால ஒருநாள் கூப்புடறத நிறுத்திட்டாங்க." முறத்தை ஒரு தட்டு தட்டித் தோலை ஊதினார். "வாய்தாவுக்கு வரச்சொல்ல உங்க கட வழியாத்தான் போவணும். உள்ளார எட்டிப் பாப்பேன், நீ வந்திருக்கியான்னு. உங்கத்தா கல்லாவுல குந்திக்கினு இருப்பாரு."

"உள்ள போயி அவருகிட்ட கேட்டிருக்கலாமேண்ணா."

"இன்னான்னு கேக்கறது?"

மன்னிப்பு என்று ஏதோ சொன்னேன். தமிழில் அந்தச் சொல்லை நான் உபயோகித்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆஸ்திரேலியாவில் அது பஸ்ஸில் தோள் இடித்தால் சொல்லும் சொல்லாகிவிட்டது. அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

"என்ன வுடு பாய். கை போனது போனதுதான். வூட்ல ஒருத்தி இருக்கா, அவகிட்ட சொல்லு." குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு முந்தின நாளு எனக்கும் அவளுக்கும் சண்ட. நானும் மரம் வெட்டப் போறேன்னு நின்னேன். புள்ளைங்கள வெச்சிக்கினு போவாத, போலீசு சுட்டுப்புடும்னு கால புடிச்சிக்கினு அழுதா. செரின்னு அவளுக்காவத்தான் உன்னோட வேலைக்கி வந்தேன். ஆனா காயிதத்துல மரம்னு எழுதிட்டாங்க. அவ காயிதத்த நம்பிட்டா. எனக்கு அதான் பாய், கை போனதவிட ஜாஸ்தி."

நூறு நாள் வேலைக்குப் போயிருந்த அவர் மனைவி அஞ்சலை, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மண்வெட்டியோடு வந்தார். ஏழுமலை என்னைக் காட்டி, "டவுன் பாய். ரிக்கு ஓட்டினவரு. உங்கிட்ட இன்னாவோ சொல்லணுமாம்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து முறத்தைப் பார்த்துக்கொண்டார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். புளியமரம், சங்கிலி, அவர் கேட்டது, நான் பாத்துக்கலாம் என்றது, கயிறு, நான் கையைத் தூக்கியது, டாக்டர் கேட்டது, நான் சொன்னது. எதையும் விடவில்லை. அஞ்சலை மண்வெட்டியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார்.

"அப்ப நீ போவலயா?"

"போவலன்னு சொன்னேனே" என்றார் ஏழுமலை.

"சொன்ன." மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். பிறகு என்னிடம் பேசினார். "ரெண்டு மூணு வாட்டி சொன்னாருங்க. நான் நம்பல. அப்பால சொல்றத வுட்டுட்டாரு. சோறு போடறப்பக்கூட சொல்லுவேன், எம்பேச்ச கேக்காத போன கைதான அது, நல்லா அனுபவின்னு. எத்தினி வருஷம்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அது வியர்வையா என்று நான் பார்க்கவில்லை.

"எழுதிக் குடுங்க" என்றார்.

"எதுக்கு அண்ணி? கேஸெல்லாம் முடிஞ்சி..."

"கேசுக்கு இல்லீங்க. காயிதத்துல அது இருக்குது இல்ல? இதுவும் காயிதத்துல இருக்கட்டும்."

உள்ளே போய்ப் பேத்தியின் பழைய நோட்டையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து, முட்டி வலிக்க, தொடையில் வைத்து எழுதினேன். கை தமிழை மறந்திருந்தது. 'காற்று' என்று எழுத இரண்டு முறை அடித்தேன்.

"படிங்க. எனக்குப் படிக்கத் தெரியாது."

படித்தேன்.

"ஏழுமலை என்பவர் அன்றைக்கு மரம் வெட்டப் போகவில்லை. வேலைக்கு வந்திருந்தார். மெஷினை ஓட்டியது நான். அவர் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது பார்க்காமல் காற்றைத் திறக்கச் சொன்னது நான். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான்."

"செயின் எங்கன்னு கேட்டாருன்னு சொன்னீங்களே. அத எழுதலயே."

எழுதினேன்.

"ஒங்க பேர எழுதுங்க. முழுப் பேரும். உங்கத்தா பேரும்."

எழுதினேன். ஏழுமலை முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போக எழுந்தார். அஞ்சலை அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்து நிறுத்தினார்.

"குந்துய்யா. நீயும் கேளு."

அவர் உட்கார்ந்தார். அஞ்சலை என் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு வாட்டி படிங்க. மெதுவா."

நான் முதல் வரியிலிருந்து படித்தேன்.